ஊரின் பாதி கடலில் இருக்கிறது: பிலிப்பைன்ஸ் கடலோர முனிசிபாலிட்டி திட்டமிடும் விதம்

பிலிப்பைன்ஸில் ஒரு பெரிய புயல் கரையைக் கடந்த மறுநாளே இணையத்தில் இரண்டு விதமான பேச்சு கிளம்பிவிடும். "கடலுக்குப் பக்கத்திலேயே வீடு கட்டினால் இப்படித்தான் ஆகும், அந்த நாட்டில் திட்டமிடல் என்று எதுவுமே கிடையாது" என்பது ஒன்று. "நான்காம் வகுப்பு முனிசிபாலிட்டி, மக்கள்தொகை இத்தனை ஆயிரம், தொழில் மீன்பிடி" என்று மூன்று வரியில் ஓர் ஊரையே சொல்லி முடித்துவிடுவது இன்னொன்று. முதல் பேச்சு தவறு. ஒவ்வொரு முனிசிபாலிட்டியும் திட்டம் போட்டே ஆக வேண்டும் என்று அங்கே 1991இலேயே சட்டம் வந்துவிட்டது. அதற்கென்று ஓர் அதிகாரி, ஒரு மன்றம், ஒதுக்கியே தீரவேண்டிய பணத்தின் சதவீதம் எல்லாம் அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. இரண்டாவது பேச்சைத் தவறு என்று சொல்ல முடியாது, ஆனால் அந்த மூன்று வரிக்குள் ஊரின் பாதி விடுபட்டுப் போகிறது. விடுபடுவது கடல்.

புயல் செய்தி வரும்போது மட்டும் நாம் பெயர் கேள்விப்படுகிற இந்த ஊர்கள் உள்ளுக்குள் எப்படி இயங்குகின்றன, திட்டம் என்பது யார் கையில், எந்தப் பணத்தில் நடக்கிறது என்பதை ஆரம்பத்திலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். உதாரணத்துக்குக் கிவான் என்ற ஊரை எடுத்துக்கொள்வோம். சமார் தீவின் தெற்கு முனையில், கிழக்கே பசிபிக் பெருங்கடலும் மேற்கே லெய்டே வளைகுடாவும் சூழ நிற்கிற ஊர் அது. 2013 நவம்பர் 8ஆம் தேதி விடியற்காலையில் ஹையான் புயல், அந்நாட்டுக்காரர்கள் யோலாண்டா என்று அழைப்பது, முதலில் தரையைத் தொட்டது இங்கேதான்.

முனிசிபாலிட்டி என்றால் எது

நாடு, அதற்குள் மாகாணங்கள், மாகாணத்துக்குள் நகரங்களும் முனிசிபாலிட்டிகளும், அவற்றுக்குள் பரங்கைகள். இதுதான் அடுக்கு. பரங்கை என்பது கடைசி அலகு, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரும் சின்ன நிதியும் உள்ள ஒரு சிற்றூர் அல்லது பேட்டை. நாடு முழுக்க எண்பதுக்கு மேற்பட்ட மாகாணங்கள், ஏறக்குறைய 1,490 முனிசிபாலிட்டிகள், 42,000க்கு மேற்பட்ட பரங்கைகள் இருக்கின்றன.

முனிசிபாலிட்டி என்றதும் கடைத்தெருவும் பஸ் நிலையமும் உள்ள டவுன் என்று நினைத்துவிட வேண்டாம். தேவாலயமும் சந்தையும் முனிசிபல் கட்டடமும் உள்ள மையப் பகுதி ஒன்று இருக்கும், ஆனால் முனிசிபாலிட்டியின் எல்லை அதோடு முடியாது. வயல், தென்னந்தோப்பு, மலை, காடு, சதுப்புநிலம், தீவு எல்லாம் அதற்குள்தான். கிவானில் 60 பரங்கைகள். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 53,000க்குச் சற்று மேல். இதில் ஒரு பகுதியினர் ஹொமொன்ஹொன், சுலுவான், மனிகானி போன்ற தீவுகளில் வாழ்கிறார்கள். 1521 மார்ச்சில் மகெல்லனின் கப்பல்கள் வந்து நின்ற அதே ஹொமொன்ஹொன்தான். இன்றைக்கும் அந்தத் தீவிலிருந்து ஒரு பிறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டுமென்றால் படகேறிக் கிவானுக்கு வர வேண்டும்.

அப்புறம் இந்த "வகுப்பு". முதல் வகுப்பு, நான்காம் வகுப்பு என்பது மக்கள் எவ்வளவு ஏழைகள் என்பதைச் சொல்லும் அளவுகோல் கிடையாது, ஊரின் தரத்தையும் அது சொல்லாது. அந்த உள்ளாட்சிக்கு ஆண்டுதோறும் வாடிக்கையாக வரும் வருமானத்தின் சராசரியை வைத்துப் போடும் வரிசை, அவ்வளவுதான். முன்பு ஆறு வகுப்புகள் இருந்தன, 2023இல் வந்த சட்டம் ஐந்தாகக் குறைத்தது. ஒரு சுரங்கமோ மின்நிலையமோ இருந்தால் முதல் வகுப்பு ஊரிலும் பெரும்பாலான வீடுகள் வறுமையில் இருக்கலாம். ஆகவே "மூன்றாம் வகுப்பு ஊர்" என்று படித்தால், உள்ளாட்சியின் கல்லாப்பெட்டியைப் பற்றிப் படிக்கிறீர்கள் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு தாள்கள், ஒரு வீட்டுக் கணக்கு

ஒரு குடும்பம் பழைய வீட்டைச் சீர்படுத்த உட்காருகிறது என்று வையுங்கள். முதலில் என்ன செய்வார்கள்? வீட்டைச் சுற்றிப் பார்ப்பார்கள். எங்கே ஒழுகுகிறது, யார் யார் இருக்கிறார்கள், பாட்டிக்கு மாடி ஏற முடியுமா, மாதம் என்ன வருகிறது, எவ்வளவு கடன். அடுத்து எந்த இடத்தில் எது வரும் என்று முடிவு செய்வார்கள்: சமையலறை இங்கே, கிணற்றுக்கு அருகே கழிவறை கூடாது. அடுத்து சில ஆண்டுகளில் செய்ய வேண்டியவற்றின் பட்டியல். கடைசியாக, இந்த வருஷம் கையில் இருக்கும் பணத்தில் எது. இந்த வரிசையை மாற்றி, பணம் வந்ததும் முதலில் வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடித்தால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

முனிசிபாலிட்டியின் திட்டமும் இதே நான்கு படிதான்.

சுற்றிப் பார்த்து எழுதிவைப்பது ஊர் விவரத் தொகுப்பு. முன்பு இதைச் சமூக-பொருளாதார விவரத் தொகுப்பு என்றார்கள், இப்போது சூழலியல் விவரத் தொகுப்பு என்கிறார்கள், ஏனென்றால் மண், நீர், காடு, கடல், ஆபத்துகள் எல்லாம் அதற்குள் வர வேண்டும்.

எந்த இடத்தில் எது வரலாம் என்று சொல்வது நிலப் பயன்பாட்டுத் திட்டம். சுருக்கமாக சி.எல்.யூ.பி. என்பார்கள். குறைந்தது பத்து ஆண்டுக் கணக்கில் போடுவது. இதோடு எந்தப் பகுதியில் எது கட்டலாம், எது கூடாது என்ற மண்டல விதி ஒன்றையும் ஊர் மன்றம், அதாவது மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்களின் சபை, நிறைவேற்றும். அது வந்தபிறகுதான் திட்டத்துக்குச் சட்டப் பலம்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்வது வளர்ச்சித் திட்டம், அதாவது சி.டி.பி. சமூகம், பொருளாதாரம், சுற்றுச்சூழல், கட்டுமானம், நிர்வாகம் என்று ஐந்து துறைகளாகப் பிரித்து, பெரும்பாலும் ஆறு ஆண்டுகளுக்கு எழுதுவார்கள்.

இந்த வருஷம் எது என்று சொல்வது ஆண்டு முதலீட்டு நிரல், ஏ.ஐ.பி. மற்ற மூன்றும் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒரு வேலை இந்த நிரலில் ஒரு வரியாக ஏறவில்லை என்றால் அதற்கு அந்த ஆண்டு பட்ஜெட்டில் பணம் வைக்க வழியில்லை. மேயர் அக்டோபர் 16க்குள் பட்ஜெட்டை ஊர் மன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்பது சட்டம், அந்தப் பட்ஜெட் நிற்பது இந்த நிரலின் மேல்.

இதுவரை: விவரத் தொகுப்பு நிலைமையைச் சொல்கிறது, நிலப் பயன்பாட்டுத் திட்டம் இடத்தைச் சொல்கிறது, வளர்ச்சித் திட்டம் வேலையைச் சொல்கிறது, ஆண்டு நிரல் பணத்தைச் சொல்கிறது. முதல் தாளில் இல்லாத ஒரு பிரச்சினை நான்காவது தாளுக்கு வந்து சேரவே சேராது. என்னைக் கேட்டால் முழு விஷயத்தின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது.

விவரத் தொகுப்பில் எது எழுதப்படுகிறது, எது எழுதப்படுவதில்லை

பலரும் இதை அட்டவணைகள் நிரம்பிய ஒரு சலிப்பான புத்தகமாகத்தான் பார்க்கிறார்கள். மக்கள்தொகை, பள்ளிகள், சாலை நீளம், நெல் விளையும் பரப்பு. எனக்கு இதுதான் ஊரின் மிக முக்கியமான ஆவணம். யோலாண்டாவையே எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே புயல், ஒரே நாள் காலை, மூன்று ஊர்கள். கிவானில் பெரும் சேதத்தைச் செய்தது காற்று. கூரைகள் பறந்தன, தென்னைகள் அடியோடு சாய்ந்தன, பல நூற்றாண்டுப் பழமையான தேவாலயத்தின் கூரையும் போனது. கிவானுக்கு வெளியே பசிபிக் சட்டென்று ஆழமாகிவிடுவதால், புயல் தள்ளிவரும் நீர் அங்கே அவ்வளவு உயரமாகக் குவியவில்லை. பக்கத்துத் தீவான லெய்டேயின் தக்லோபான் நகரமோ ஆழமில்லாத, குறுகிக்கொண்டே போகிற விரிகுடாவின் உச்சியில் இருக்கிறது. புயல் தள்ளிய நீர் போக இடமில்லாமல் அங்கே ஐந்து மீட்டருக்கு மேல் ஏறி நகருக்குள் புகுந்தது. பாதுகாப்பென்று மக்களைத் தங்கவைத்த கட்டடங்களுக்குள்ளேயே பலர் மூழ்கினார்கள். மூன்றாவது எர்னானி, கிவானுக்கு வடக்கே அதே பசிபிக் கரையில். அங்கே வந்தது சுனாமி போன்ற ஒரு நீர்ச்சுவர். சாதாரண நாட்களில் அலையை உடைத்துக் கரையைக் காக்கும் பவளத்திட்டுதான், அந்த அளவு பெரிய அலைக்கூட்டம் வந்தபோது அதைத் திரட்டி ஒரே வீச்சாக ஊருக்குள் அனுப்பியது என்று 2015இல் வெளியான ஆய்வு விளக்கியது. அந்தப் புயலில் நாடு முழுக்க இறந்தவர்கள் அதிகாரபூர்வக் கணக்கில் 6,300 பேர்.

இப்போது யோசித்துப் பாருங்கள். இந்த மூன்று ஊர்களின் விவரத் தொகுப்பிலும் "புயல் அபாயம்: அதிகம்" என்று ஒரே வரி இருந்தால் அதனால் யாருக்கு என்ன பயன்? கிவானுக்கு வேண்டியது கூரையைச் சுவரோடு பிணைக்கும் கட்டட விதி. தக்லோபானுக்கு வேண்டியது எந்தத் தெரு கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர், எந்தப் பள்ளியின் இரண்டாம் தளம் நீருக்கு மேலே நிற்கும் என்ற விவரம். எர்னானிக்கு வேண்டியது திட்டின் அகலமும் அதற்குப் பின்னால் இருக்கும் வீடுகளின் எண்ணிக்கையும். பக்கத்து ஊரின் திட்டத்தை எடுத்துப் பெயரை மாற்றி ஒட்டினால், மாற்றி ஒட்டியது உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயமாகிவிடுகிறது.

புயல் இல்லாத நாட்களிலும் இதே கதைதான், சத்தமில்லாமல். கிவான் இருக்கும் கிழக்குச் சமார் மாகாணத்தில் வறண்ட பருவம் என்று தனியாக ஒன்று கிடையாது. நவம்பரிலிருந்து வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் மழை உச்சத்தில் இருக்கும், பசிபிக் பக்கத்தில் சின்னப் படகு இறங்க முடியாது. மேற்குப் பக்கத்து வளைகுடா அப்போது ஓரளவு மறைவாக இருக்கும். ஆண்டு வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்து "மீனவக் குடும்பத்தின் மாத வருமானம் இவ்வளவு" என்று எழுதினால், அந்தச் சராசரிக்குள் பட்டினி மாதங்கள் மறைந்துவிடுகின்றன. எந்த மாதத்தில் எந்தக் கரையில் வருமானம் நிற்கிறது என்று எழுதினால்தான், அந்த மாதங்களுக்கு அரிசியோ கூலி வேலையோ திட்டத்தில் ஏறும்.

யார் மீனவர் என்பதும் இப்படித்தான். நீர் வற்றும் நேரத்தில் பவளத்திட்டின் மேல் நடந்து சிப்பி, சங்கு, கடல் முள்ளெலி பொறுக்குகிறவர்களில் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். படகும் கிடையாது, வலையும் கிடையாது, விற்பதைவிட வீட்டுச் சட்டிக்குப் போவதுதான் அதிகம். கணக்கெடுப்பில் இவர்கள் "வேலை இல்லாதவர்" அல்லது "இல்லத்தரசி" என்று பதிவாகிவிட வாய்ப்பு மிக அதிகம். நாளைக்கு அந்தத் திட்டை மூடி ஒரு படகுத்துறை கட்ட முடிவெடுத்தால், பதிவேட்டின்படி யாருக்கும் இழப்பில்லை. இழந்தவர்கள் இருப்பார்கள், பட்டியலில் இருக்க மாட்டார்கள்.

2019இல் வந்த ஒரு சட்டம், ஒவ்வொரு உள்ளாட்சியும் வீடு வீடாகப் போய் விவரம் சேகரிக்கும் சமூகக் கண்காணிப்பு முறையைக் கட்டாயமாக்கியது. நாடு தழுவிய கணக்கெடுப்பு ஊருக்கு ஓர் எண்ணைத் தரும், இந்த முறை வீட்டுக்கு ஒரு வரைபடப் புள்ளியைத் தர முடியும். என்ன கேள்வி கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பயன்.

நிலப் பயன்பாட்டுத் திட்டத்துக்குள் தண்ணீர்

நிலப் பயன்பாட்டுத் திட்டம் நீண்ட காலம் பெயருக்கேற்ப நிலத்தோடு நின்றது. வரைபடத்தில் குடியிருப்புக்கு ஒரு நிறம், விவசாயத்துக்கு ஒன்று, வணிகத்துக்கு ஒன்று, கரைக்கோட்டுக்கு அப்பால் ஒரே நீலம். ஆனால் மலையில் மரம் வெட்டினால் மண் ஆற்றில் இறங்கி, ஆறு அதைக் கடலில் கொட்டி, பவளத்தின் மேல் படிந்து, மீன் குறைகிறது. இந்தச் சங்கிலி நீலத்தின் விளிம்பில் அறுபடுவதில்லை. ஆகவே 2013 வாக்கில் திருத்திய வழிகாட்டியில், மலைமுகட்டிலிருந்து பவளத்திட்டு வரை ஒரே பரப்பாகப் பார்த்துத் திட்டம் போட வேண்டும் என்றும், ஊரின் கடற்பரப்பையும் மண்டலங்களாகப் பிரிக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். எங்கே மீன் பிடிக்கலாம், எங்கே கூடாது, எங்கே கடற்பாசி வளர்க்கலாம், படகு எந்த வழியில் போகும், சுற்றுலாக்காரர் எங்கே இறங்கலாம் என்பதெல்லாம் நில மண்டலம் போலவே வரும்.

கரையோரத்துக்கும் விதி உண்டு. 1976இன் நீர்ச் சட்டப்படி கரையை ஒட்டிய ஒரு பட்டை பொதுப் பயன்பாட்டுக்கு: நகரப் பகுதியில் 3 மீட்டர், விவசாய நிலத்தில் 20, வனப்பகுதியில் 40. யோலாண்டாவுக்குப் பிறகு, பாதித்த கரைகளில் 40 மீட்டருக்குள் யாரும் குடியிருக்கக் கூடாது என்று அறிவித்தார்கள். கேட்பதற்குச் சரியாகத்தான் தோன்றும். ஆனால் கரையிலிருந்து 30 மீட்டர் தள்ளி உயரமான பாறை மேல் இருக்கும் வீடு பத்திரமாக இருக்கலாம், 300 மீட்டர் உள்ளே பள்ளத்தில் இருக்கும் வீடு மூழ்கலாம். வலையும் படகும் கரையில் கிடக்க, மீனவரை மட்டும் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே அனுப்பினால் அவர் எப்படித் தொழில் செய்வார்? 2014இன் இறுதியில் அந்த ஒரே அளவுகோலைக் கைவிட்டு, ஆபத்து வரைபடத்தை வைத்துப் பாதுகாப்பானது, கட்டுப்பாட்டுக்குரியது, குடியிருக்கத் தகாதது என்று பகுதி பகுதியாகப் பிரிக்கும் முறைக்குப் போனார்கள். "ஏன் இன்னும் கரையிலேயே இருக்கிறார்கள்" என்று கேட்கிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

15 கிலோமீட்டர் கடல்

இப்போது நமக்குப் புதிதாக இருக்கப்போகும் விஷயம். கரைக்கோட்டிலிருந்து 15 கிலோமீட்டர் வரை உள்ள கடல் அந்த முனிசிபாலிட்டியின் பொறுப்பு. முனிசிபல் நீர்ப்பரப்பு என்பது இதன் பெயர். 1991 உள்ளாட்சிச் சட்டத்திலும் 1998 மீன்வளச் சட்டத்திலும் இது இருக்கிறது. எதிரெதிரே இரண்டு ஊர்கள் நெருக்கமாக இருந்தால் நடுக்கோடு போட்டுப் பிரித்துக்கொள்வார்கள்.

இந்தப் பரப்புக்குள் முன்னுரிமை சிறு மீனவர்களுக்கு, அதாவது மூன்று டன் கொள்ளளவுக்கு மேற்படாத படகில் அல்லது படகே இல்லாமல் பிடிக்கிறவர்களுக்கு. அதற்கு மேற்பட்டவை வணிகக் கப்பல்கள். 10.1 கிலோமீட்டருக்கு அப்பால், சில நிபந்தனைகளோடு, சிறிய நடுத்தர வணிகக் கப்பல்களை ஊர் விரும்பினால் அனுமதிக்கலாம். படகைப் பதிவு செய்வது, உரிமம் தருவது, விதி போடுவது எல்லாம் ஊர் மன்றத்தின் வேலை. இரவில் போய்க் காவல் காக்க 'பந்தாய் டாகாட்' என்ற கடல் காவல் தொண்டர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் மீனவர்களே. ஆலோசனைக்கு ஒரு மீன்வள மன்றமும் உண்டு, அதில் மீனவர் பிரதிநிதிகள் உட்காருகிறார்கள். தகுந்த இடங்களில் கடலோரப் பரப்பின் குறைந்தது 15 சதவீதத்தை மீன் சரணாலயமாக ஒதுக்க வேண்டும் என்றும் மீன்வளச் சட்டம் சொல்கிறது.

சரணாலயம் என்றால் மீனவர் வயிற்றில் அடிப்பது என்று உடனே தோன்றும். நெக்ரோஸ் ஓரியந்தல் மாகாணத்தில் டாவின் முனிசிபாலிட்டியைச் சேர்ந்த அப்போ தீவு இதற்கு நல்ல பதில். 1980களின் தொடக்கத்தில் சில்லிமான் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியலாளர் ஏஞ்சல் அல்காலாவும் அவரோடு இருந்தவர்களும் தீவு மக்களிடம் பேசிப் பேசி, ஒரு சின்னப் பகுதியை மட்டும் மூடச் சம்மதிக்க வைத்தார்கள். ஊர் அதை விதியாக்கியது. மூடிய இடத்தில் மீன் பெருகி வெளியே வழியத் தொடங்கியது, பக்கத்திலேயே பிடித்தவர்களுக்குப் பலன் தெரிந்தது, பிறகு முக்குளிக்க வருகிறவர்களிடம் வாங்கும் கட்டணமும் சேர்ந்தது. அங்கே காவல் காத்தவர்கள் அந்தத் தீவுக்காரர்களே.

ஆனால் இந்த 15 கிலோமீட்டர் உரிமையும் நீதிமன்றத்தில் ஆட்டம் கண்டது. ஒரு வணிக மீன்பிடி நிறுவனம் போட்ட வழக்கில், சிறு மீனவருக்கு மட்டும் முன்னுரிமை தரும் விதி அரசமைப்புக்கு முரண் என்று மலபோன் நகர நீதிமன்றம் ஒன்று 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. எதிர்த்துப் போன அரசுத் தரப்பு மனு காலம் கடந்து வந்ததென்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஓர் அமர்வு தள்ளிவிட்டது. மறுபரிசீலனை கேட்டு அரசும் மீனவர் தரப்பினரும் போனார்கள். ஒரு கடலோர ஊர் தன் கடலை மண்டலம் பிரித்து எழுதிய திட்டம் முழுக்க இந்த ஒரே உரிமையின் மேல் நிற்கிறது என்பதால்தான் மீனவர்கள் அவ்வளவு பதறினார்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது, கடல் ஏன் அதில் இல்லை

சொந்த வருமானம் என்று பார்த்தால் சொத்து வரி, வியாபார உரிமம், சந்தை வாடகை. சின்னக் கடலோர ஊர்களில் இது கொஞ்சம்தான். பெரும்பகுதி தேசிய வரிப் பங்கிலிருந்து வருகிறது: நாட்டின் வரி வசூலில் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு. அந்த 40ஐ மாகாணங்களுக்கு 23, நகரங்களுக்கு 23, முனிசிபாலிட்டிகளுக்கு 34, பரங்கைகளுக்கு 20 என்ற விகிதத்தில் பிரிக்கிறார்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் தந்த மண்டானாஸ் தீர்ப்பால், உள்நாட்டு வரிகளோடு சுங்க வரி போன்றவையும் இந்தக் கணக்குக்குள் வந்தன. 2022 பட்ஜெட்டிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது.

கணக்கு மூன்று ஆண்டுக்கு முந்தைய வசூலை வைத்துப் போடப்படுகிறது. இதன் விளைவைப் பாருங்கள்: 2022இல் சுமார் 95,900 கோடி பெசோவாக இருந்த மொத்தப் பங்கு 2023இல் சுமார் 82,000 கோடியாக இறங்கியது, காரணம் 2020இல் கொரோனா முடக்கத்தில் வரி வசூல் விழுந்தது. முடக்கம் முடிந்து ஊர் மூச்சுவிட ஆரம்பித்தபோது அதன் அடி பட்ஜெட்டுக்கு வந்து சேர்ந்தது.

சரி, முனிசிபாலிட்டிகளுக்குள் எப்படிப் பிரிக்கிறார்கள்? மக்கள்தொகைக்கு 50 சதவீத எடை, நிலப்பரப்புக்கு 25, மீதி 25 எல்லாருக்கும் சமம். நிலப்பரப்பு என்றால் நிலம் மட்டும். 15 கிலோமீட்டர் கடலைக் காவல் காப்பது, படகுக்கு டீசல் போடுவது, தீவுகளுக்கு மருத்துவரையும் ஆசிரியரையும் அனுப்புவது எல்லாம் ஊரின் தலையில், ஆனால் அந்தக் கடலில் ஒரு சதுர மீட்டர்கூடப் பங்கீட்டுச் சூத்திரத்தில் எண்ணப்படுவதில்லை. கிவான் போல ஒல்லியான முனையும் சிதறிய தீவுகளும் கொண்ட ஊருக்கு நிலம் குறைவு, பொறுப்பு அதிகம். இது நியாயமில்லை என்பதே என் எண்ணம். கடற்பரப்பையும் சேர்க்க வேண்டும் என்ற மசோதாக்கள் நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன.

வந்த பணத்தையும் இஷ்டத்துக்குச் செலவிட முடியாது. தேசிய வரிப் பங்கில் குறைந்தது 20 சதவீதம் வளர்ச்சிப் பணிகளுக்குப் போக வேண்டும், இதைத்தான் அங்கே வளர்ச்சி நிதி என்பார்கள். ஒரு கோடி பெசோ வந்தால் 20 லட்சம். 2010 பேரிடர்ச் சட்டப்படி, வழக்கமான வருவாயில் குறைந்தது 5 சதவீதம் பேரிடர் நிதி. அதில் 30 சதவீதத்தை உடனடி உதவிக்கென்று தொடாமல் வைத்திருக்க வேண்டும், மீதியை முன்னேற்பாட்டுக்குச் செலவிடலாம். சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு.

மொத்தத்தில், ஊருக்குள் வரும் பணத்தின் அளவை ஒரு சூத்திரம் தீர்மானிக்கிறது, அந்தச் சூத்திரம் தலைகளையும் நிலத்தையும் எண்ணுகிறது. பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு எங்கே போகும் என்பதை ஆண்டு நிரல் தீர்மானிக்கிறது, அந்த நிரலைத் தயாரிப்பது ஒரு மன்றம்.

மன்றத்தில் யார்

அதன் பெயர் வளர்ச்சி மன்றம். மேயர் தலைவர். எல்லாப் பரங்கைத் தலைவர்களும் உறுப்பினர்கள், கிவானில் என்றால் 60 பேர். ஊர் மன்றத்தின் நிதிக்குழுத் தலைவர், அந்தப் பகுதி நாடாளுமன்ற உறுப்பினர் அல்லது அவர் பிரதிநிதி, அப்புறம் தொண்டு அமைப்புகளின் பிரதிநிதிகள் குறைந்தது நான்கில் ஒரு பங்கு. ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். எழுத்து வேலை, தரவு, வரைபடம் எல்லாம் திட்ட ஒருங்கிணைப்பாளர் அலுவலகத்தின் பொறுப்பு. இந்தப் பதவி ஒவ்வொரு முனிசிபாலிட்டியிலும் கட்டாயம். இந்த மன்றம் பரிந்துரைப்பதைச் சட்டமாக்குவது எட்டுக் கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுத்து அமைக்கும் ஊர் மன்றம், துணை மேயர் அதை நடத்துவார்.

அறுபது தலைவர்கள் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று ஊகிக்கலாம். ஒவ்வொருவருக்கும் தன் பரங்கைக்கு ஒரு கூரையிட்ட கூடைப்பந்து மைதானமோ, ஒரு துண்டு கான்கிரீட் சாலையோ வேண்டும். அதில் தவறில்லை, அவர்களைத் தேர்ந்தெடுத்த மக்கள் கேட்பது அது. ஆனால் வளர்ச்சி நிதி அறுபதாகப் பிரிந்தால், பல பரங்கைகளுக்குப் பொதுவான கடல் காவல் படகுக்கும், அலையாத்தி மரம் நடுவதற்கும், தீவுக்கான மருத்துவப் படகுக்கும் மிச்சம் இருக்காது. கடலுக்குப் பரங்கைத் தலைவர் கிடையாது, அதற்காகக் கை தூக்க யாரும் இல்லை. மேயரின் பதவிக்காலமோ மூன்று ஆண்டு, தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் நிற்க முடியாது. யோலாண்டாவில் சாய்ந்த ஒரு நெட்டைத் தென்னைக்குப் பதில் வைக்கும் கன்று காய்க்க ஆறிலிருந்து எட்டு ஆண்டு ஆகும். அடுத்த தேர்தலுக்குள் காட்ட முடியாத வேலையைப் பட்டியலில் நிறுத்தி வைப்பதற்கு, விவரத் தொகுப்பில் உள்ள எண்களையும் வரைபடத்தையும் தவிர வேறு ஆதாரம் ஒருங்கிணைப்பாளரிடம் இல்லை.

ஊருக்கு மேலிருந்து வரும் முடிவுகளும் உண்டு. ஹொமொன்ஹொனில் குரோமைட்டும் நிக்கலும் தோண்டுகிறார்கள். சுரங்க அனுமதி தேசிய அரசுடையது. கிவானைச் சுற்றியுள்ள கடலும் நிலமும் 1994இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது, அதுவும் தேசிய அரசின் அறிவிப்பு. சுற்றுச்சூழலைப் பாதிக்கும் தேசியத் திட்டங்களுக்கு முன் ஊரைக் கலந்துபேசி, ஊர் மன்றத்தின் ஒப்புதல் பெற வேண்டும் என்று 1991 சட்டம் சொல்கிறது. சுரங்கத்திலிருந்து அரசு வசூலிப்பதில் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் பங்கும் உண்டு, அதில் முனிசிபாலிட்டிக்கு 45, பரங்கைக்கு 35, மாகாணத்துக்கு 20 என்று பிரியும். அந்தப் பங்கு வந்தால் ஊரின் வகுப்பு உயரலாம். தீவின் திட்டு மண்ணில் மூடினால், அந்த இழப்பு எந்த வகுப்பிலும் தெரியாது.

ஒரு கடலோர ஊரின் தாள்களைக் கையில் எடுத்தால்

மக்கள்தொகை வரியைத் தாண்டிப் போங்கள். கரைக்கோட்டின் நீளமும் முனிசிபல் நீர்ப்பரப்பின் அளவும் எழுதியிருக்கிறதா, வரைபடத்தில் கடல் ஒரே நீலமா அல்லது மண்டலங்களாகப் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். மீனவர் பதிவேட்டில் படகில்லாதவர்கள் இருக்கிறார்களா, பெண்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். புயல் தங்குமிடங்களின் பட்டியலில் கட்டடத்தின் பெயர் மட்டும் இருக்கிறதா, கடல் மட்டத்திலிருந்து அதன் உயரமும் கூரையின் வகையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஆண்டு நிரலை எடுத்து, விவரத் தொகுப்பில் பெரிய பிரச்சினை என்று எழுதியிருப்பதற்கு ஒரு வரியாவது பணம் இருக்கிறதா என்று தேடுங்கள். பல ஊர்களில் இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது, அந்த இடைவெளியில்தான் கேள்வி கேட்க வேண்டும்.

இதற்கு யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. 2010இலிருந்து நடப்பிலுள்ள முழு வெளிப்படுத்தல் கொள்கைப்படி, ஆண்டு பட்ஜெட், 20 சதவீத வளர்ச்சி நிதியின் செலவு, பேரிடர் நிதியின் செலவு எல்லாவற்றையும் முனிசிபல் கட்டடத்தில் மக்கள் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும், அரசின் இணையதளத்திலும் ஏற்ற வேண்டும்.